சின்னத்தம்பி யார்? சேலம் பக்கம் குடும்ப வரலாறு தேடத் தொடங்குபவர்களுக்கு

எட்டு மாதம் நான் வேறு யாரோ ஒருவருடைய பூட்டனைத் தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் ஓமலூர் தாலுகாவில் இருக்கிறது. அப்பாவின் தாத்தா பெயர் சின்னத்தம்பி, அவருடைய அப்பா பெரியண்ணன். இந்த இரண்டு பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அலைந்ததில், கடைசியாக 1938-ஆம் வருடத்துக் கிரயப் பத்திரம் ஒன்றின் நகல் கைக்கு வந்தது. நிலத்தை வாங்கியவர் "பெரியண்ண கவுண்டர் குமாரர் சின்னத்தம்பி கவுண்டர்". வீட்டில் ஒரே கொண்டாட்டம். ஒரு வாரம் கழித்து சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்துவிட்டு, "செக்குபந்தியப் பாத்தியாப்பா?" என்றார். நிலத்தின் நான்கு எல்லையைச் சொல்லும் அந்த வரியில், "சின்னத்தம்பி கவுண்டர் காட்டுக்கு வடக்கு" என்று இருந்தது. வாங்குகிறவருக்கே பக்கத்து நிலமும் சொந்தமென்றால் "தங்கள் பூமிக்கு வடக்கு" என்றுதான் எழுதியிருப்பார்கள். ஆக, ஒரே ஊரில், ஒரே காலத்தில், இரண்டு சின்னத்தம்பி. நான் பிடித்தவர் மேட்டுவளவுக்காரர் (வளவு என்றால் எங்கள் பக்கம் ஊருக்குள் இருக்கும் ஒரு குடியிருப்பு). எங்கள் ஆள் ஏரிவளவில் இருந்துகொண்டு, அந்தப் பத்திரத்தில் வெறும் எல்லைக்காரராக நின்றிருக்கிறார்.

இது எனக்கு மட்டும் நடப்பதில்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்போம், அதனால் ஒன்றுவிட்ட தலைமுறைக்கு அதே பெயர் திரும்பத் திரும்ப வரும், பங்காளி வீட்டிலும் அதே இரண்டு மூன்று பெயர்கள்தான் சுற்றிக்கொண்டிருக்கும். வெள்ளைக்காரர்களுக்காக எழுதப்பட்ட வழிகாட்டிகள் பெயரில் தொடங்கச் சொல்கின்றன. நம் பக்கத்தில் ஊரையும் வளவையும் குலதெய்வத்தையும் பிடித்துக்கொண்டு, பெயரை நான்காவதாக வைத்துக்கொள்வதுதான் பிழைக்கும் வழி. கீழே சொல்வதெல்லாம் அந்த வரிசையில்தான் போகிறது.

வீட்டுப் பரணில் தொடங்குங்கள்

எந்த அலுவலகத்துக்கும் போவதற்கு முன்னால் வீட்டில் இருக்கும் மூத்தவர்களிடம் உட்காருங்கள், அதிலும் பெண்களிடம் முதலில். ஆண்கள் தங்கள் பங்காளிகளைச் சொல்வார்கள், நிலத்தகராறைச் சொல்வார்கள். அம்மாயிகளும் அப்பாயிகளும்தான் யார் எந்த ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தார்கள், யாருக்கு இரண்டாம் தாரம், எந்தக் குழந்தை தங்கவில்லை என்பதையெல்லாம் மனதில் வைத்திருப்பார்கள். ஆவணங்களில் பெண்கள் பெரும்பாலும் "இன்னார் மனைவி", "இன்னார் குமாரத்தி" என்று கடந்துபோய்விடுவார்கள் என்பதால் இந்தப் பேச்சுக்கு மாற்றே கிடையாது. செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், ஆனால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். முதல் நாளே குடும்ப மரத்தை வரைந்து காட்டி "இது சரியா" என்று கேட்டால் அவர்கள் ஆமாம் போட்டுவிடுவார்கள். கதையாகப் பேசவிடுங்கள்.

"எந்த வருஷம் பிறந்தீங்க" என்று கேட்டால் பதில் வராது. "மேட்டூர் அணை கட்டினப்போ உங்களுக்கு விவரம் தெரியுமா?" என்று கேளுங்கள் (கட்டி முடித்தது 1934). சேலம் ஜெயிலில் கைதிகளைச் சுட்டது 1950 பிப்ரவரியில். சேலம் நகரத்துக்காரர்கள் பலர் அதை வைத்து வயது சொல்வார்கள். இன்னும் பழைய ஆட்களின் வாய்வழிக் கதையில் தாது வருஷப் பஞ்சம் வரும். அது 1876-78. சேலம் மாவட்டத்தை அந்தப் பஞ்சம் உலுக்கி எடுத்தது, 1871-க்கும் 1881-க்கும் இடையில் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 19.7 இலட்சத்திலிருந்து 16 இலட்சமாக இறங்கியது. உங்கள் வம்சாவளி அந்த இடத்தில் திடீரென்று அறுந்துபோனாலோ, "அங்கிருந்து பிழைக்க வந்தோம்" என்று ஒரு வரி வந்தாலோ, இந்தப் பத்து வருடத்தை ஒருமுறை சந்தேகப்பட்டுப் பாருங்கள்.

அப்புறம் காகிதங்கள். ஜாதகம், கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, டி.சி., பழைய ரேஷன் கார்டு, வாரிசுச் சான்று எல்லாவற்றையும் ஒரு பையில் போடுங்கள். இவற்றில் யாரும் மதிக்காத புதையல் ஒன்று உண்டு, மொய் நோட்டு. எங்கள் வீட்டில் 1961-ஆம் வருடத்துக் கல்யாண மொய் நோட்டு பருத்திக்கொட்டை மூட்டைக்குப் பின்னால் கிடந்தது. கறையான் ஒரு மூலையைத் தின்றிருந்தது. பக்கம் பக்கமாக ஊர்ப்பெயர், ஆள் பெயர், தொகை. முதல் பக்கத்தில் தாய்மாமன், அடுத்து நெருங்கிய சொந்தம், போகப்போக ஊர்க்காரர்கள் என்று உறவின் தூரமே வரிசையாக எழுதியிருந்தது. "தாரமங்கலம் பெரியம்மா 2 ரூபாய்" என்று ஒரு வரி. வீட்டில் யாருக்கும் தாரமங்கலத்தில் ஒரு பெரியம்மா இருந்ததே தெரியாது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு போனதில் அம்மாயியின் அக்கா குடும்பமே கிடைத்தது.

ஜாதகத்தில் தமிழ் வருடப் பெயர்தான் இருக்கும், அது அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். விபவ என்று இருந்தால் 1868-69, 1928-29, 1988-89 இந்த மூன்றில் ஒன்று. தலைமுறையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியதுதான். பழைய எழுத்தில் ௵ என்றால் வருடம், ௴ மாதம், ௳ நாள். தமிழ் எண்கள் வாசிக்கப் பழக அரை மணி நேரம் போதும், ௧௯௩௮ என்பது 1938. பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதியை மட்டும் முழுசாக நம்பாதீர்கள். சேர்க்கும்போது வாத்தியார் பார்த்துப் போட்ட தேதிதான் பாதிப் பேருக்கு. ஜூன் மாதம் அப்படி என்ன விசேஷமோ, எங்கள் குடும்பத்தில் ஒன்பது பேர் ஜூனில் பிறந்திருக்கிறார்கள்.

ஊரைக் கெட்டியாகப் பிடியுங்கள்

"சேலம்" என்று எழுதிவைத்தால் போதாது. வருவாய் கிராமம் எது, அதற்குள் எந்த வளவு, எந்தக் கொட்டாய் (காட்டுக்குள் தனியாக இருக்கும் சிறு குடியிருப்பு) என்பது வரை வேண்டும். நம் பக்கத்து வளவுகள் பலவற்றுக்கு அங்கே முதலில் குடியேறிய ஆளின் பெயரே இருக்கும், அதனால் வளவின் பெயரே சில சமயம் உங்கள் ஓட்டன் பெயராக இருந்துவிடும்.

அடுத்து, அந்த ஊர் அந்தக் காலத்தில் எந்த மாவட்டத்தில் இருந்தது என்று பாருங்கள். பழைய சேலம் மாவட்டம் பெரியது. தருமபுரி 1965-இல் பிரிந்தது, அதிலிருந்து கிருஷ்ணகிரி 2004-இல். நாமக்கல் 1997-இல் தனி மாவட்டம் ஆனது, ஆனால் அதற்கு முன்பே 1910-இலிருந்து 1929 வரை நாமக்கல் தாலுகா திருச்சி மாவட்டத்தோடு இருந்திருக்கிறது. திருப்பத்தூர் தாலுகா 1911-இல் வட ஆற்காட்டுக்குப் போய்விட்டது. நாமக்கல்காரர் ஒருவர் 1920-ஆம் வருடத்துக் கோப்பைச் சேலத்தில் தேடினால் கிடைக்காததில் வியப்பில்லை. இந்த எல்லை மாற்றங்களையும் பழைய ஊர்ப்பெயர்களையும் தெரிந்துகொள்ள லெ ஃபானு 1883-இல் வெளியிட்ட சேலம் மாவட்டக் கையேடும், ரிச்சர்ட்ஸ் தொகுத்து 1918-இல் வந்த சேலம் கெசட்டியரும் போதும். இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் தாத்தா பெயர் அதில் இருக்காது, ஆனால் அவர் ஊர் எந்த மிட்டாவில் (ஜமீன் மாதிரி ஒருவர் கையில் இருந்த சிறு பகுதி) இருந்தது என்ற தடயம் கிடைக்கலாம்.

ஊரே தண்ணீருக்குள் போனவர்களும் இருக்கிறார்கள். மேட்டூர் நீர்த்தேக்கத்துக்காகக் காலி செய்த கிராமங்களின் கோயில் நந்தியும் கிறித்தவ ஆலயக் கோபுரமும் பண்ணவாடிப் பக்கம் தண்ணீர் இறங்கும்போது இன்றும் தலைகாட்டும். அந்தக் குடும்பங்கள் பல திசைக்குப் போய்விட்டார்கள். உங்கள் வீட்டில் "எங்க ஊர் அணைக்குள்ள இருக்கு" என்று யாராவது சொன்னால் விளையாட்டுக்குச் சொல்வதாக நினைக்க வேண்டாம்.

குலதெய்வக் கோயிலில் ஒரு நோட்டு இருக்கும்

சமூகத் துணை என்று பெரிதாகச் சொல்கிறோமே, நமக்கு அது பங்காளிகள்தான். குலதெய்வக் கோயிலில் நோம்பி (திருவிழா) போடும்போது தலைக்கட்டு வரி வசூலிப்பார்கள். அந்த வரி நோட்டில் ஒவ்வொரு குடும்பத் தலைவர் பெயரும் ஊரும் இருக்கும், பழைய நோட்டுகளைத் தூக்கிப்போடாமல் வைத்திருக்கும் தர்மகர்த்தா கிடைத்தால் நாற்பது ஐம்பது வருடம் பின்னால் போகலாம். அப்பா இறந்து மகன் பெயரில் வரி மாறும் வருடம் கிட்டத்தட்ட இறப்புத் தேதியையே காட்டிக்கொடுக்கும். மாசி சிவராத்திரிக்குப் போங்கள், சும்மா போகாமல் கோயில் வரியைக் கட்டிவிட்டு, பொங்கல் வைத்து முடித்து, மூத்தவர்கள் திண்ணையில் சாய்ந்திருக்கும் நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். முதல் தடவையே நோட்டைப் படம் எடுக்கிறேன் என்று நின்றால் நிலத்துக்கு வில்லங்கம் பண்ண வந்தவன் என்றுதான் நினைப்பார்கள். என்னை நினைத்தார்கள்.

குலதெய்வம் வேறு என்றால் பெயர் ஒன்றாக இருந்தாலும் அவர் உங்கள் ஆள் இல்லை என்று பெரும்பாலும் ஒதுக்கிவிடலாம். எனக்கு இரண்டு சின்னத்தம்பியைப் பிரித்துக் கொடுத்ததும் கடைசியில் இந்த வரி நோட்டுதான்.

இஸ்லாமியக் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு இதே வேலையைச் செய்யும். கிறித்தவர்களுக்கு ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் அந்தந்தப் பங்கு ஆலயத்திலேயே இருக்கும். கத்தோலிக்கப் பங்குகளில் பழைய பதிவுகள் இலத்தீனில் இருக்கும் என்பதால் பயந்துவிட வேண்டாம், திரும்பத் திரும்ப வருவது பத்துப் பதினைந்து சொற்கள்தான். சேலம் மறைமாவட்டம் 1930-இல் உருவானது, அதற்கு முந்தியவற்றுக்கு உங்கள் பங்கு அப்போது எந்த மறைமாவட்டத்தில் இருந்தது என்று பாதிரியாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஞானத்தந்தை, ஞானத்தாய் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள், அவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்களாகத்தான் இருப்பார்கள்.

பிறப்பு, இறப்பு

சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கு 1899-இல் தனிச் சட்டம் வந்தது, இப்போது நடப்பில் இருப்பது 1969-ஆம் வருடத்துச் சட்டம். பதிவாளரிடம் மனுக் கொடுத்து, கட்டணம் கட்டி, பதிவேட்டைத் தேடச் சொல்லி எடுப்பு (அந்தப் பதிவின் நகல்) வாங்கலாம், அதற்குச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. பழைய பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயரைத் தேடாதீர்கள். "ஆண்" என்று மட்டும் போட்டு, அப்பா பெயரும் ஊரும் எழுதியிருப்பார்கள். வருடம் தெரியாமல் போனால் அலைய விடுவார்கள், அதனால்தான் முதலில் அணையையும் பஞ்சத்தையும் வைத்துக் குத்துமதிப்பாக ஒரு வருடத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். ஒரு அலுவலகத்தில் அந்த வருடத்துப் புத்தகமே இல்லை என்றார்கள், மூன்று மாதம் கழித்துப் போனபோது வேறு ஒருவர் ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தார்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் வீட்டுத் தாளைப் பார்க்கலாமே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். முடியாது. 1948-ஆம் வருடத்துச் சட்டப்படி தனிநபர் விவரம் யாருக்கும் காட்டப்படாது. அதற்குப் பதில் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கும் 2002, 2005 வாக்காளர் பட்டியல்களைப் பாருங்கள், வீட்டு எண், அப்பா அல்லது கணவர் பெயர், வயது மூன்றும் கிடைக்கும்.

நிலம்தான் பெரிய சுரங்கம்

நிறைய நேரத்தை இங்கே போடுங்கள். நம் ஊரில் மனுஷன் பிறந்ததை எழுதாமல் விட்டிருப்பார்கள், காடு கை மாறியதை எழுதாமல் விடமாட்டார்கள்.

முதலில் இணையத்தில் பட்டா, சிட்டா, அ-பதிவேடு (சர்வே எண் வாரியாக நில விவரம் சொல்லும் கிராமப் பதிவேடு) பார்த்து இன்றைய சர்வே எண்ணை எடுங்கள். அதை வைத்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். 1980-களில் முடிந்த யு.டி.ஆர். (நில உடைமை மேம்பாட்டுத் திட்டம்) பதிவேடு, அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் (நிலவரித் திட்டம்) பதிவேடு, இப்படி. பழைய சர்வே எண்ணும் புதிய எண்ணும் வேறாக இருக்கும், இரண்டையும் இணைக்கும் விவரத்தைக் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாலுகா அலுவலகத்திலோ கேளுங்கள். 1980 நவம்பரில் கர்ணம் (ஊர்க் கணக்குப்பிள்ளை), மணியக்காரர் பதவிகளை அரசு ஒழித்தது. கர்ணம் குடும்பத்தார் யாராவது ஊரில் இருந்தால் ஒருமுறை பார்த்துப் பேசுங்கள், அவர்களுக்கு ஊரின் வம்சமெல்லாம் அத்துப்படி. கணக்கில் பசலி (நிலவரிக் கணக்குக்கான ஆண்டு) என்று வருடம் இருந்தால் 590-ஐக் கூட்டுங்கள். பசலி 1348 என்றால் 1938 ஜூலையில் தொடங்கும் வருடம். அலுவலகத்தில் பதிவேட்டைக் காட்ட மறுத்தால் சண்டை போடாதீர்கள், பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, கிராமம், சர்வே எண், எந்தப் பதிவேடு என்று தெளிவாக எழுதித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

அடுத்து சார்பதிவாளர் அலுவலகம். வில்லங்கச் சான்று (ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) பெரும்பாலும் 1975-லிருந்து கணினியில் கிடைக்கும். அதற்கு முன்னால் என்றால் கையால் தேட வேண்டும். ஆள் பெயரை வைத்து ஓர் அட்டவணை, சொத்தை வைத்து இன்னோர் அட்டவணை என்று இரண்டு வைத்திருப்பார்கள். நீங்கள் சொத்து அட்டவணையைக் கேளுங்கள், ஏன் என்று சின்னத்தம்பி கதையிலேயே தெரிந்திருக்கும். அசையாச் சொத்துப் பத்திரங்கள் இருக்கும் முதல் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம், நகல் வாங்கலாம். உயில் அப்படியில்லை, அதற்குக் கட்டுப்பாடு உண்டு.

எல்லாப் பத்திரமும் ஒன்றில்லை. கிரயத்தில் இரண்டு பேர் பெயர்தான் கிடைக்கும். பாகப்பிரிவினையும் விடுதலைப் பத்திரமும் (தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதுவது) சிக்கினால் விடாதீர்கள், அண்ணன் தம்பி, இறந்துபோன அண்ணனின் மைனர் பிள்ளைகள், அவர்களுக்குக் கார்டியனான அம்மா, கல்யாணமாகிப் போன அக்கா தங்கைகள் வரை ஒரே காகிதத்தில் நிற்பார்கள். சாட்சிக் கையெழுத்தையும் படியுங்கள், மாமன் மச்சான்தான் சாட்சி போட்டிருப்பார். கைநாட்டுக்குப் பக்கத்தில் "இன்னார் இடது கைப் பெருவிரல் ரேகை" என்று எழுதியிருக்கும் இடத்தில் அந்த மை அழுந்திய தடத்தை நகலில் பார்த்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

நிலமே இல்லாத குடும்பங்களுக்கு இந்தச் சுரங்கம் பாதி மூடியிருக்கும், இதை யாரும் சொல்வதில்லை. பண்ணையாள்களாக வைக்கப்பட்டிருந்தவர்கள் பத்திரத்தில் பெயராக வருவது அரிது. அவர்களுக்கு மிஷன் ஞானஸ்நானப் பதிவேடு, 1892-க்குப் பின் வந்த பஞ்சமி நில (தாழ்த்தப்பட்டோருக்கு அரசு ஒதுக்கிய நிலம்) ஒப்படைக் கோப்பு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, கடல் கடந்து போனவர்களின் கப்பல் பட்டியல் இவைதான் கைகொடுக்கும். பழைய ஆவணங்களில் சாதிப் பெயரும் மரியாதையில்லாத சொல்லும் இருக்கும், மனதைத் தயார்படுத்திக்கொண்டு திறவுங்கள்.

மிட்டாதார், ஜமீன் தொடர்பான கோப்புகளுக்கு எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அடையாள அட்டையும் என்ன தேடுகிறீர்கள் என்று எழுதிய கடிதமும் கொண்டுபோங்கள். வருடமும் தாலுகாவும் கைவசம் இல்லாமல் போனால் ரயில் செலவுதான் மிச்சம்.

மலைக்குமேல்

ஏற்காட்டுக் கதை தனி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் காபி வந்தது, எஸ்டேட்டுகள் வந்தன, கீழேயிருந்து கங்காணிகள் ஆள் கூட்டி வந்தார்கள். எஸ்டேட்டில் வேலை பார்த்த தாத்தாவைத் தேடுகிறீர்கள் என்றால் எஸ்டேட் ஆபீசில் பழைய செக்ரோல் (ஆள் வருகை, கூலிப் பதிவேடு) இருக்கிறதா என்று கேளுங்கள், 1950-களுக்குப் பிந்தியவர் என்றால் பி.எஃப். சீட்டைத் தேடுங்கள், அதில் வாரிசு பெயர் இருக்கும். எஸ்டேட் பலமுறை கை மாறியிருக்கும், லயத்தில் (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருக்கும் மூத்தவர்கள்தான் எந்தத் துரை காலம் என்று சொல்லி வருடத்தைப் பிடிக்க உதவுவார்கள்.

இந்த மலையில் வாழும் பழங்குடியினரான மலையாளி மக்களுக்கு (கேரளத்தவர் இல்லை) தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகள் என்ற கதை உண்டு. சேர்வராயன் கோயில் திருவிழா மே மாதம் நடக்கும்போது பல ஊர்ச் சனமும் ஒன்றுகூடும், ஊர்க்கவுண்டர்களைப் பார்த்துப் பேச அதைவிட நல்ல சமயம் கிடையாது. கதையைக் கதையாகவே எழுதிவையுங்கள், தேதி போட்டு வரலாறாக்க வேண்டாம்.

ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் என்றால் ஆங்கிலிக்கன் ஆலயப் பதிவுகளின் படிகள் லண்டனுக்குப் போயிருக்கின்றன, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. பிரிட்டிஷ் இந்தியக் குடும்ப வரலாற்றுக்கான ஃபிபிஸ் என்ற சங்கம் இலவசத் தேடுதளம் வைத்திருக்கிறது. ஏற்காட்டுக் கல்லறைத் தோட்டத்தில் கல்லை நேரில் படிப்பதும் நல்லது, போகும்போது தேங்காய் நார் பிரஷ் ஒன்றும் தண்ணீரும் போதும், கம்பி பிரஷ் போட்டு எழுத்தைக் கெடுத்துவிடாதீர்கள்.

கடல் தாண்டிப் போனவர்கள்

டர்பனிலிருந்தும் பிஜியிலிருந்தும் சேலம் வந்து "எங்க கொள்ளுத்தாத்தா ஊர் எது" என்று கேட்பவர்கள் உண்டு. டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு 1860 நவம்பரில் முதலில் போய்ச் சேர்ந்த ட்ரூரோ கப்பலே சென்னையிலிருந்து போனதுதான். 1911 வரை போன 1,52,184 பேரின் பட்டியலில் பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஊர், மாவட்டம் எல்லாம் இருக்கிறது. எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியது, அதனால் ஊர்ப்பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாதது காதுக்குத் தெரியும். மொரீஷியஸ் என்றால் மோகாவில் இருக்கும் மகாத்மா காந்தி நிறுவனம். இலங்கையிலிருந்து 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி திரும்பியவர்கள் வீட்டில் பழைய பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் இருக்கும், அதிலேயே பூர்வீக ஊர் எழுதியிருக்கும்.

வெளிநாட்டிலிருந்து யாராவது உங்களைத் தேடி வந்தால் சொத்தில் பங்கு கேட்க வந்தார்களோ என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். மொய் நோட்டை எடுத்துக் காட்டுங்கள்.

எழுதிவைப்பது

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். கணினி பழக்கம் இருந்தால் குடும்ப மரம் போட கிராம்ப்ஸ் மென்பொருள் இலவசம், ஃபேமிலிசர்ச் இணையதளம் இலவசம். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஊர், வளவு, குலதெய்வம், இது யார் சொன்னது அல்லது எந்தப் பத்திரத்தில் பார்த்தது என்று எழுதுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியை இணையத்தில் ஏற்ற வேண்டாம். வீட்டில் யாரோ மறைத்து வைத்த விஷயம் வெளியே வந்தால், அதாவது இரண்டாம் கல்யாணமோ ஓடிப்போன அத்தையோ, சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகளைக் கேட்காமல் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிடாதீர்கள். நான் போட்டு, ஒரு பெரியப்பா ஒரு வருடம் பேசவில்லை.

மேட்டுவளவுச் சின்னத்தம்பியின் பேரனுக்கு அந்த 1938 பத்திரத்தின் நகலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பெயரும் சின்னத்தம்பிதான். வாங்கிப் பார்த்துவிட்டு, தன் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது, அதில் எங்கள் பக்கத்துப் பாகப்பிரிவினைக் காகிதம் ஏதாவது கிடக்கலாம், தேர்நோம்பி முடிந்ததும் இறக்கிப் பார்க்கலாம் என்றார்.